மேலே மழையாம்

நுழையும்முன்

ஓர் ஊரைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி கண்டறிந்தது அன்று, கேட்டறிந்தது. கேட்டது வாய்மாறிச் செல்கையில் கதையாகிறது. சில வேளைகளில் கலகமும் ஆகிறது. வதந்திகளைக் கொண்டே கதை வளர்க்கும் ஒரு விளையாட்டையும், வதந்திகள் சூழ்ந்த ஒரு மலையடிவார ஊரையும் அருகருகே வைத்துப் பார்க்கிறது இக்கட்டுரை.

தேனியிலிருந்து தென்மேற்கே செல்லும் நெடுஞ்சாலை சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எனப் பசுமையின் ஊடாகவே நீள்கிறது. இருமருங்கும் நெல்வயல்கள், தென்னந்தோப்புகள், திராட்சைப் பந்தல்கள். கூடலூரைக் கடந்த சற்று நேரத்தில் பள்ளத்தாக்கு முடிந்துவிடுகிறது, எதிரே மலை. குமுளிக்குச் செல்லும் பேருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்குமுன் நிற்கும் கடைசி ஊர் லோயர் கேம்ப்.

கீழ் முகாம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களே ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டன. முகாம் என்பது சில நாள் தங்கிவிட்டுக் கிளம்புவதற்கான இடம். ஊர் நிலைத்துவிட்டது; பெயர் மட்டும் இன்னும் மூட்டை முடிச்சோடு நிற்பதுபோலத் தோன்றுகிறது. கீழ் என்ற சொல் இருப்பதாலேயே மேல் ஒன்று இருப்பதும் சொல்லாமல் விளங்கிவிடுகிறது. இவ்வூரில் பேசப்படுவன பலவும் அந்த மேலைப் பற்றியவையே. மேலேதான் தேக்கடி ஏரி. மேலேதான் முல்லைப் பெரியாறு அணை. மேலேதான் ஏலத்தோட்டங்களும் புலிகள் காப்பகமும் கண்ணகி கோயிலும் உள்ளன. கீழே நிற்பவர் கண்ணுக்குப் படுவன மலைச்சரிவில் இறங்கிவரும் பெருங்குழாய்கள்தாம். ஏரியின் நீர் ஒரு மைலுக்கும் மேல் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே மலையைத் துளைத்து வந்து, அக்குழாய்களில் பாய்ந்து, மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகிறது. பின் வயல்களை நோக்கிச் செல்கிறது. குழாயைக் காணலாம், குழாய்க்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கேட்டுத்தான் அறியவேண்டும். அணை காப்பகத்தினுள்ளே இருப்பதால், அதன் நீரை நாள்தோறும் பருகுவோர்க்கும் அதனைப் போய்ப் பார்ப்பது எளிதன்று.

எனவே லோயர் கேம்ப்பின் பேச்சில் ‘ஆம்’ என்னும் இடைச்சொல் ஓயாமல் ஒலிக்கிறது. மேலே மழையாம். யானை இறங்கியிருக்கிறதாம். நீர்மட்டம் ஓர் அடி ஏறியிருக்கிறதாம். இவ்விடைச்சொல்லுக்குரிய பொருள்களுள் தகவலும் வதந்தியும் உண்டு என்பதை மாணவர் இலக்கணத்தில் கற்றிருப்பர். பிறமொழிகள் பலவற்றில் ‘என்று சொல்கிறார்கள்’, ‘என்று கேள்வி’ எனத் தனித்தொடர் வேண்டியிருக்க, தமிழுக்கு வினையின் இறுதியில் ஒட்டும் சிற்றசை ஒன்றே போதுமானதாக இருக்கிறது. சொல்பவர் தாம் காணவில்லை என்பதை அதனால் ஒப்புக்கொள்கிறார். கேட்பவர்க்கு ஐயுறும் உரிமையையும் கொடுத்துவிடுகிறார். பாட்டி சொல்லும் கதைகள் ‘ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தாராம்’ என்று தொடங்குவதும் இந்த நேர்மையினால்தான்.

இருபது முகப் பகடை

இந்த ‘ஆம்’ஐ முதலாக வைத்து ஆடப்படும் விளையாட்டு ஒன்று உண்டு. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கி வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ அவ்வகை விளையாட்டுகளின் முன்னோடி. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் கதையை நடத்துபவர். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகின்றனர்: ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரம் கற்றவர், ஒருவர் பூட்டுத் திறப்பதில் வல்லவர். நடத்துபவர் சூழலைச் சொல்வார். மற்றவர் தம் மாந்தர் செய்வதைச் சொல்வர். முயற்சி பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். வென்றார், தோற்றார் என்று இறுதியில் எவரும் இல்லை. அனைவரும் கூடிச் சொன்ன கதை ஒன்று எஞ்சுகிறது. அது பல மாதங்கள் தொடர்வதும் உண்டு.

இதில் நடத்துபவர்க்குரிய முதல் இடர் ஒன்று உண்டு. மாந்தர் ஆயத்தமாக இருக்கின்றனர். ஆனால் அவர்கள் ஏன் கிளம்பவேண்டும்? ‘அந்தக் குகைக்குப் போங்கள்’ என்று ஆணையிட்டால் விளையாட்டு செத்துவிடும். தாமாகவே போக விரும்பவேண்டும். அதற்கான தூண்டிலே வதந்தி. தொடக்க காலத்தில் இவ்விளையாட்டுக்காக எழுதப்பட்ட கதைக்களங்களுள் கைகாக்ஸ் எழுதிய ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ புகழ்பெற்றது. நாட்டின் விளிம்பில் ஒரு கோட்டை. அதற்கு அப்பால் காடும் அச்சமும். கோட்டைக்குள் வரும் பயணியர் சத்திரத்திலும் கடைத்தெருவிலும் செவியில் விழுவனவற்றைத் திரட்டிக்கொள்கின்றனர். அவ்வதந்திகள் ஒரு பட்டியலாக நூலிலேயே தரப்பட்டுள்ளன. பகடையை உருட்டினால் விழும் எண்ணுக்குரிய வதந்தி அம்மாந்தரின் காதில் விழுந்ததாகக் கொள்ளவேண்டும்.

பட்டியலில் சில மெய், சில பொய். எது பொய் என்பது நடத்துபவர்க்கு மட்டுமே தெரியும். அவற்றுள் ஒன்று, பகைவர் கூட்டம் எழுப்பும் ஒரு கூக்குரலுக்கு ‘சரணடைகிறோம்’ என்று பொருள் என்பது. அதை நம்பிச் சென்றவர், அக்குரல் கேட்டதும் வாளைத் தாழ்த்துவர். உண்மையில் அது தம் கூட்டத்தாரை உதவிக்கு அழைக்கும் குரல். அப்போது மேசையைச் சுற்றி எழும் அலறலும் சிரிப்பும் மெய்யான எந்த வதந்தியாலும் கிடைப்பதில்லை.

பொய் வதந்தியும் விளையாட்டில் வீணாவதில்லை என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. அதுவும் மாந்தரைக் கிளப்பிவிடுகிறது. போனவர் கண்ணால் கண்டு திரும்பும்போது ‘ஆம்’ நீங்கிவிடுகிறது: இருக்கிறதாம் என்று கேட்டவர், இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்கின்றார். அந்த ஒற்றை அசையை நீக்குவதற்காகக் கடக்கும் காடும் ஆறும் மலையுமே கதையாகின்றன.

அலரும் குறவர் சொல்லும்

இவ்வுத்தி தமிழர்க்குப் புதிதன்று. களவொழுக்கத்தில் ஊரார் பேசும் பேச்சை அகப்பாடல்கள் அம்பல், அலர் என இரண்டாகப் பகுத்துள்ளன. ஒரு சிலரிடையே முணுமுணுப்பாக இருக்கும்வரை அது அம்பல். ஊரறியப் பரவியபின் அலர். மொட்டும் மலரும் போன்றவை அவை. அகப்பாடல்களில் அலர் வெறும் பழிச்சொல்லாக நின்றுவிடுவதில்லை, கதையை முன்தள்ளுகிறது. அலர் எழுந்தபின் வாளா இருத்தல் இயலாது. தலைவன் வரைவுக்கு விரையவேண்டும். அல்லது தலைவி அவனுடன் பாலைவழி நடக்கவேண்டும். திருவள்ளுவர் காமத்துப்பாலில் அலரறிவுறுத்தல் என ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே அலரைத் தமக்கு ஆக்கமாகவே காண்கின்றனர் காதலர். ஊர்வாயில் சிக்கிய எவரும் அப்படிக் காண்பார் என்று சொல்ல இயலாது; அது இலக்கியத்தின் துணிச்சல்.

லோயர் கேம்ப்பின் மலையோடு தொடர்புடைய சான்று இதனினும் பெரியது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டம் ஒரு கேள்விச் செய்தியிலிருந்துதான் விரிகிறது. சேரன் செங்குட்டுவன் அரசியோடும் இளங்கோவோடும் மலைவளம் காணச் சென்று பேரியாற்றங்கரையில் தங்குகிறான். குன்றக்குறவர் மலைபடு பொருள்களைக் காணிக்கையாகச் சுமந்துவந்து, தாம் கண்ட வியப்பை உரைக்கின்றனர்: ஒரு முலை இழந்த பெண்ணொருத்தி வேங்கை மரத்தின் நிழலில் நின்றாள், தன் கணவனோடு விண்ணுலகம் சென்றாள். அவள் யார், எவ்வூரினள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அரசனும் உடனே நம்பவோ மறுக்கவோ இல்லை. உடனிருந்த சாத்தனார் மதுரையில் நிகழ்ந்தவற்றைச் சொல்ல, மலையில் கேட்டதும் மதுரையில் நடந்ததும் பொருந்துகின்றன. அதன்பின்னரே வடதிசைப் பயணம், இமயக்கல், பத்தினிக் கோட்டம் எல்லாம். மலைமக்கள் சிலர் சொன்ன சொல் ஒரு பேரரசனை இமயம்வரை நடத்திவிட்டது!

குறவர் கண்டதாகச் சொன்ன குன்றம், கூடலூர்ப் பகுதி மக்கள் தலைமுறைகளாகச் சுட்டும் மங்கலதேவி மலையே என்பது இப்பகுதியின் நம்பிக்கை. லோயர் கேம்ப்பை ஒட்டிய பளியன்குடியிலிருந்து அதற்குக் காட்டுவழி செல்கிறது. பேராசிரியர் சி. கோவிந்தராசனார், காப்பியம் சொல்லும் வழியைப் புகாரிலிருந்து தாமே தேடி நடந்து, 1963ஆம் ஆண்டு இம்மலைக்கோயிலைக் கண்ணகி கோட்டமென அறிவித்தார். அறிஞர் அனைவரும் அதனை ஒருமுகமாக ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. கோட்டத்தை வேறிடங்களில் காண்போரும் உளர். ஆயினும் ஒரு பழைய ‘ஆம்’ஐ மெய்ப்பிக்க ஒருவர் தம் கால்களை நம்பியது மறக்கத்தக்கதன்று. இன்று சித்திரை முழுநிலா நாளில் மட்டும் மக்கள் அக்கோயிலுக்குச் செல்ல இசைவு தரப்படுகிறது. சிலர் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறுகின்றனர். சிலர் குமுளியிலிருந்து ஜீப்பில் செல்கின்றனர்.

தூண்டிலின் வடிவம்

இனி, இந்நிலத்தைக் களமாக வைத்து ஒருவர் அவ்விளையாட்டை நடத்த விரும்புகிறார் எனக் கொள்வோம். அவர் எத்தகைய வதந்திகளைப் புனையவேண்டும்?

‘மலையில் புதையல் இருக்கிறதாம்.’ இதைக் கேட்டு எவரும் நாற்காலியை விட்டு எழமாட்டார். எந்த மலையைப் பற்றியும் எவரும் சொல்லக்கூடியது இது. இடமில்லை, நாளில்லை, கேட்டறியத்தக்க ஆளுமில்லை. புதையல் என்ற சொல்லின் பளபளப்பையே நம்பியிருப்பது சோம்பற்கற்பனை.

‘சுரங்கம் குடைந்த காலத்தில், இருபுறமிருந்தும் வந்த உளியோசையோடு மூன்றாவது ஓர் உளியோசையும் மலைக்குள் கேட்டதாம்.’ இது மேலானது. மூன்றாவது என்ற எண் ஒன்றே போதும். கேட்பவர் மனம் மலைக்குள் நுழைந்துவிடும்.

‘ஆண்டில் ஒரே நாள் திறக்கும் மலைக்கோயிலுக்குக் காட்டுவழியில் ஏறியவரை எண்ணி அனுப்பினார்களாம். மாலையில் இறங்கியவரை எண்ணினால் ஒருவர் மிகுதியாம்.’ ஒருவர் குறைந்தார் என்றால் விலங்கு என்போம், விபத்து என்போம். மிகுந்தார் என்றால் என்ன சொல்வது? இவ்வதந்தியில் இடம் உண்டு, நாள் உண்டு, எண்ணியவர் எவரோ அவரைத் தேடிச்சென்று வினவும் வாய்ப்பும் உண்டு. அடுத்த முழுநிலாவுக்குள் விடை காணவேண்டும் என்னும் நெருக்கடியும் உண்டு.

(இவை எவையும் இவ்வூரார் சொன்னவை அல்ல, விளையாட்டுக்கெனப் புனைந்தவை. இதனைச் சொல்லிவைப்பது நல்லது. அச்சில் ஏறிய புனைவு ‘ஆம்’ஐ உதிர்த்துவிட்டு உலவத் தொடங்குவதற்கு நெடுநாள் ஆவதில்லை.)

தேர்ந்த நடத்துநர் வதந்தியைச் சொல்லுமுன்பே அது மெய்யானால் என்ன, பொய்யானால் என்ன என்று எண்ணிவைத்திருப்பார். மிகுதியாக இறங்கிய அந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். கோயிலுக்கு வழிகள் இரண்டு. குமுளிப் பக்கமிருந்து ஏறிய ஒருவர் பளியன்குடிப் பக்கமாக இறங்கியிருந்தால் கணக்கில் ஒருவர் கூடத்தானே செய்வார்? மாயம் கலைந்துவிட்டது. ஆனால் கதை கலையவில்லை. அவர் ஏன் வந்த வழியே திரும்பவில்லை? யாருடைய கண்ணுக்குத் தப்ப எண்ணினார்? நிலத்தை நன்கறிந்த நடத்துநரின் கையில் பொய்யும் இன்னொரு கதவைத் திறந்துவிடுகிறது. நில அமைப்பையும் வழிகளையும் கற்காமல் புனையப்படும் வதந்திக்கு இவ்வாய்ப்பு இல்லை.

இன்னொன்றையும் இங்கே குறிக்கவேண்டும். இத்தகைய விளையாட்டுகள் மலைக்கு அப்பால் வாழ்வோரைக் கொடியோராகவே காட்டும் பழக்கத்தை நெடுங்காலம் கொண்டிருந்தன. முற்கூறிய கைகாக்ஸின் களமும் அதற்கு விலக்கன்று. அக்கதைகளில் கோட்டைக்குள் இருப்போர் மனிதர். குகையில் இருப்போர் வெட்டத்தக்கவர். இம்மலையிலோ பளியரும் பிற தொல்குடியினரும் வாழ்கின்றனர். அவர்களை மருமம் நிறைந்த உருக்களாக்கி ஒரு வதந்தி புனைவது எளிது, இழிவும் ஆகும். இளங்கோவடிகள் குறவரைச் சான்றாளராக நிறுத்தினார். மலையில் நடந்ததைக் கண்டவரும் அவரே. அரசனிடம் அஞ்சாது உரைத்தவரும் அவரே.

விற்றாராம்

லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபம் உள்ளது. 2013 ஜனவரி 15 அன்று, அவருடைய பிறந்தநாளில், அது திறந்துவைக்கப்பட்டது. ஆண்டுதோறும் அந்நாளில் உழவர்கள் அங்கே பொங்கலிடுகின்றனர். கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியோரும், வீட்டில் அவர் படத்தை மாட்டியிருப்போரும் பலர்.

தெரிந்து தெளிவோம்: மேற்கே அரபிக்கடலை நோக்கி ஓடிய பெரியாற்றின் நீரைக் கிழக்கே திருப்புவதற்காக, 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29இல் கையெழுத்தானது. 1887இல் தொடங்கிய அணைப்பணி கர்னல் ஜான் பென்னிகுவிக் தலைமையில் நடந்தது. 1895 அக்டோபர் 10இல் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அதனைத் தொடங்கிவைத்தார். தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் இந்நீரால் பயன்பெறுகின்றன. லோயர் கேம்ப் மின்நிலையத்தின் நான்கு அலகுகளும் 1958க்கும் 1965க்கும் இடையே இயங்கத் தொடங்கின.

பென்னிகுவிக்கைப் பற்றிப் பள்ளத்தாக்கெங்கும் வழங்கும் கதை ஒன்று உண்டு. கட்டிய பகுதியை வெள்ளம் அடித்துச் சென்றதாம். அரசு இனிப் பணம் தராது என்று கைவிரித்ததாம். அவர் இங்கிலாந்து சென்று தம் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்றுவந்து அணையை முடித்தாராம். வெள்ளம் பணியைப் பலமுறை சிதைத்தது மெய். அப்போதைய சென்னை மாகாண அரசின் செலவில் நடந்த பணி இது என்பதும் மெய். ஏ.டி. மெக்கன்சி என்னும் பொறியாளர் எழுதி 1899இல் வெளிவந்த திட்ட வரலாறும் இருக்கிறது. சொத்து விற்ற செய்திக்கோ உறுதியான ஆவணச் சான்று காட்டப்படவில்லை.

எனில் இக்கதை எங்கே பிறந்திருக்கும்? கிணறு வெட்டுவதற்காக மனைவியின் தாலிக்கொடியை அடகுவைப்பது உழவர் வீடுகளில் காணாத காட்சி அன்று. நீருக்காகத் தாம் செய்வதை, தமக்கு நீர் தந்தவரும் செய்திருப்பார் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அயலாட்சியின் படைப்பொறியாளர் ஒருவரைத் தம் வீட்டு மனிதராக்கிக்கொள்ளும் வழி அது. அவ்வகையில் இவ்வதந்தி பென்னிகுவிக்கைவிடப் பள்ளத்தாக்கு மக்களையே மிகுதியாகக் காட்டுகிறது. அவர்களை நன்றாகவே காட்டுகிறது.

ஆயினும் அன்பில் பிறந்த வதந்தியும் எதையேனும் மறைக்கத்தான் செய்கிறது. ஒருவர் தம் செல்வத்தை இழந்த கதை நூறு வாய்களில் உலவ, சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்து, மலைக்காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டு, அணையருகே புதைக்கப்பட்ட கூலித்தொழிலாளரைப் பற்றி ‘ஆம்’ என்று முடியும் ஒரு தொடர்கூட ஊரில் இல்லை. அவர்கள் பெயர்களைக் கேட்டவரும் இல்லை, புனைந்தவரும் இல்லை.

சில வதந்திகளைத் தீர்க்க ஒரு தேதி போதும். மதுரையில் பழைய அரசுக் கட்டடம் ஒன்று பென்னிகுவிக் வாழ்ந்த இல்லம் என்னும் பேச்சு 2021இல் எழுந்தது. பதிவேடுகளைப் புரட்டியபோது, அது 1912க்குப் பின் எழுந்த கட்டடம் எனத் தெரிந்தது. பென்னிகுவிக் மறைந்தது 1911இல்.

உடையுமாம்

தேதியால் தீராத வதந்தி ஒன்றும் இம்மலையில் உண்டு. 1979 ஆகஸ்டில் குசராத்தின் மச்சு ஆற்றணை உடைந்து மோர்பி நகரம் அழிந்தது. அச்செய்தி நாடெங்கும் பரவிய வேளையில், பெரியாற்று அணையும் உடையுமாம் என்ற அச்சம் கேரளப் பகுதியில் எழுந்தது. அவ்வாண்டே நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணையின் தலைப்பகுதியில் காங்கிரீட் ஏற்றியும், எஃகுக் கம்பிகளால் பாறையோடு பிணித்தும், பின்புறம் தாங்கு கட்டுமானம் எழுப்பியும் வலுப்படுத்தும் பணிகள் நடந்தன. எனினும் ‘உடையுமாம்’ ஓயவில்லை.

2011 நவம்பரில் இடுக்கிப் பகுதியில் நில அதிர்வுகள் உணரப்பட்டன. அதே மாதத்தில் அணை உடைவதைக் காட்டும் ‘டேம் 999’ என்னும் திரைப்படமும் வெளிவந்தது. தமிழ்நாட்டில் அது தடைசெய்யப்பட்டது. மலையின் இருபுறமும் ‘ஆம்’ உதிர்ந்துவிட்டது. அங்கே, அணை உடைகிறது என்றார்கள். இங்கே, நீர் இனி வராது என்றார்கள். குமுளிச் சாலை மூடப்பட்டது. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் மலையை நோக்கித் திரண்டனர். காவல்துறையினர் லோயர் கேம்ப்பில் தடுத்து நிறுத்தினர்.

அந்நாள்களில் இரு கூட்டத்துக்கும் இடையே அகப்பட்டவர் ஏலத்தோட்டக் கூலிகள். விடியலில் மேலே சென்று மாலையில் கீழே திரும்பும் தமிழ்ப் பெண்கள் அவர்களுள் மிகுதி. சாலை அடைபட்டதால் தோட்டங்களிலிருந்து காட்டுவழியே இறங்கி வீடு சேர்ந்தோர் உண்டு. மேலே தமிழரைத் தாக்குகிறார்களாம் என்பது கீழே பரவ, கீழே மலையாளியரைத் தாக்குகிறார்களாம் என்பது மேலே பரவியது. ஒவ்வொரு வதந்தியும் மறுபுறத்து வன்செயலுக்குக் காரணம் ஆயிற்று. வேலையும் கூலியும் இழந்தவர்க்கு எது மெய், எது பொய் என்று சென்று பார்க்கும் வழி இல்லை. அவர்கள் கையில் பகடையும் இல்லை.

அணைக்குக் கீழே ஆற்றோரம் வாழ்ந்தோரின் அச்சத்தைப் பொய் என்று தள்ளிவிடுவதும் முறையன்று. நூறாண்டு கடந்த ஓர் அணையின் நிழலில் உறங்குவோர் அதன் வலிமையைக் கேட்கும் உரிமை உடையோர். கேட்டதற்கு விடை தேடிப் போகவேண்டியிருந்தது. அதைக் கூட்டங்கள் செய்ய இயலாது. உச்ச நீதிமன்றம் 2010இல் நீதியரசர் ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. வல்லுநர்கள் அணையின் உடலைத் துளையிட்டு உள்ளீட்டை ஆய்ந்தனர். நீருக்கடியில் உள்ள முகப்பைக் கருவிகளால் நோக்கினர். 2012இல் அக்குழு அறிக்கை அளித்தது. அணை பாதுகாப்பாக உள்ளது எனக் கொண்டு, நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாம் என 2014 மே 7இல் நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. அவ்வாண்டு நவம்பரில் நீர் அந்த அளவைத் தொட்டது. 1979இல் கேட்ட ஒரு சொல்லைத் தேடிச்சென்ற பயணம் முப்பத்தைந்து ஆண்டு நீண்டிருந்தது. அதன்பின்னும் மழைக்காலந்தோறும் அச்சொல் எங்கேனும் தலைகாட்டாமல் இருப்பதில்லை.

விடியுமுன் லோயர் கேம்ப் வழியாக ஜீப்புகள் மலையேறுகின்றன. உள்ளே நெருங்கி அமர்ந்த பெண்கள், மடியில் தூக்குவாளிகள். டீக்கடை விளக்கொளியில் ஒரு வண்டி நிற்கிறது. மேலிருந்து காய்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லாரியின் ஓட்டுநர் கண்ணாடிக் குவளையை வைத்துவிட்டுச் சொல்கிறார்:

“யக்கா, மேல மழையாம்.”

“நீ பாத்தியாப்பா?”

“இல்லக்கா. செக்போஸ்ட்ல சொன்னாங்க.”

அவர் மலையை அண்ணாந்து பார்க்கிறார். முகட்டில் மேகம் இறங்கியிருக்கிறது. மழையா, வெறும் மூட்டமா என்பது இங்கிருந்து தெரியவில்லை. பக்கத்துப் பெண்ணிடம் பிளாஸ்டிக் தாள் இரண்டு உள்ளனவா என்று கேட்டுக்கொண்டே ஜீப்பில் ஏறுகிறார். வண்டி முதல் வளைவில் திரும்புகிறது.